ஆம்புலன்ஸ் கேம்பர் வேன் ஆன பிறகு: எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது

பழைய ஆம்புலன்ஸை வாங்கி, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது மரவேலையைப் பற்றித்தான். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று படம் போட்டுப் பார்ப்போம். அந்த வேலை எப்படியும் முடிந்துவிடும். முதல் பயணத்தில் நம்மைப் படுத்துவது வேறு.

ஆம்புலன்ஸ் தூங்காமல் இருப்பதற்காகக் கட்டப்பட்ட வண்டி. நிலையத்தில் நிற்கும்போது சுவரிலிருந்து வரும் கேபிள் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். சம்பவ இடத்தில் நிற்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நாமோ அதை ஒரு மலையடிவாரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மூன்று நாள் உள்ளே படுத்துத் தூங்குகிறோம். எங்கள் வண்டியில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வந்தன. அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் ‘பழைய வேலையில் இது எதற்காக இருந்தது’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி வழி அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வயராக இருந்தாலும் அதன் இரண்டு முனையும் எங்கே போகின்றன என்று பார்த்து, துண்டுச் சீட்டு எழுதிக் கட்டாமல் வெட்டாதீர்கள்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி

இதுதான் எல்லோருக்கும் வரும் முதல் கோளாறு. பேட்டரி பழசு என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கிப் போடுவார்கள். அதுவும் மூன்றாம் நாள் காலியாகும். வண்டி அணைந்திருக்கும்போதே எதுவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் பிடிக்க வேண்டும்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும். சாதாரண மல்டிமீட்டர் என்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே 10 ஆம்பியர் அளவில் மீட்டரைச் சேருங்கள். அப்படிச் சேர்த்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட பேட்டரி இருந்தால் எல்லா நெகட்டிவும் சேரும் இடத்தில் அளக்க வேண்டும். எல்லாக் கதவுகளையும் மூடி, அரை மணி நேரம் காத்திருங்கள். மூடிய உடனே வண்டியின் கணினிகள் சில ஆம்பியர் எடுக்கும், பிறகு அடங்கும். அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர் மணி போகிறது என்று பொருள். 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியாகிவிடும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுளும் போகும்.

திருடன் எந்த அறையில் இருக்கிறான் என்று முதலில் பிரியுங்கள். பெரும்பாலான ஆம்புலன்ஸ்களில் பின்பகுதிக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி சுவிட்ச் உண்டு. அதை அணைத்ததும் மீட்டர் இறங்கினால் கோளாறு பின்னால் இருக்கிறது. இறங்காவிட்டால் ஓட்டுநர் பக்கம். அப்புறம் அந்தப் பக்கத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பாருங்கள்.

ஃபியூஸ் பெட்டி ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே வண்டித் தயாரிப்பாளர் வைத்தது ஒன்று, உள் அலமாரியில் ஆம்புலன்ஸ் கட்டியவர்கள் வைத்தது ஒன்று. இவை தவிர பேட்டரி பக்கத்திலேயே வயரோடு தொங்கும் சிறு ஃபியூஸ்கள் சில இருக்கும். வயர்லெஸ் மாட்ட வந்தவர்கள் அவசரத்தில் நேரே பேட்டரியிலிருந்து எடுத்தவை அவை. நான் கண்ட வரையில் திருடன் அங்கேதான் இருப்பான். எங்கள் வண்டியில் சைரன் ஆம்ப்ளிஃபயரும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த டார்ச் சார்ஜரும் சேர்ந்து 0.7 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தன. வயர்லெஸ் கருவியின் தட்டு, மருந்து வைக்கும் குளிர்பெட்டி, வெளிப்பக்கமிருந்து திறக்கும் சாமான் அறைகளின் கதவு விளக்கு, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவையும் வழக்கமான சந்தேக நபர்கள். கதவு விளக்கைக் கண்டுபிடிக்க இருட்டில் ஒரு கைபேசியை வீடியோ எடுக்கவிட்டு அந்த அறைக்குள் வைத்து மூடிப் பாருங்கள். விளக்கு அணையாமல் இருந்தால் படத்தில் தெரிந்துவிடும்.

பிடித்த வயரை எப்போதும் ஃபியூஸ் முனையில்தான் கழற்ற வேண்டும். கருவியை மட்டும் எடுத்துவிட்டு உயிருள்ள வயரைப் பலகைக்குப் பின்னால் விட்டால், நாளை நீங்கள் இறக்கும் ஒரு திருகு அதைத் துளைக்கும்.

நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டால் தானாக வேகம் கூடுகிறது

பயப்பட வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் ஐட்லிங்கைத் தானாக உயர்த்தும் கருவி பல ஆம்புலன்ஸ்களில் உண்டு. அது தன் வேலையைச் செய்கிறது. ஏன் வோல்டேஜ் குறைந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு அடுத்த பகுதி.

நாள் முழுக்க ஓட்டியும் வீட்டு பேட்டரி நிரம்பவில்லை

விளக்கு, ஃப்ரிட்ஜ், மின்விசிறி ஓட்டுவதற்காக நாம் சேர்க்கும் பேட்டரியை வீட்டு பேட்டரி என்கிறேன். இன்ஜின் ஓடும்போது, அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலும் வீட்டு பேட்டரியிலும் தனித்தனியாக வோல்டேஜ் பாருங்கள். ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.5 என்று வந்தால் நடுவே டயோடு வகை ஐசொலேட்டர், அதாவது பேட்டரிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் கருவி, இருக்கிறது. டயோடு ஒவ்வொன்றும் 0.6, 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். ஈய அமில பேட்டரி நிரம்ப 14.4 அளவுக்கு வேண்டும். அதனால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் முழுதாக நிரம்பாது. நிலையத்தில் சுவர் சார்ஜர் மீதியை நிரப்பிவந்ததால் பழைய வேலையில் இது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்திருந்தால் பிரச்சினை எதிர்ப்பக்கம் போகும். அதன் உள்தடை மிகக் குறைவு, கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் மணிக்கணக்கில் வேலை செய்து சூடாகும். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு இறங்க வழியில்லை. எரிந்த வாசனையோ பெல்ட் கீச்சிடும் சத்தமோ வந்தால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான். ஐசொலேட்டரை எடுத்துவிட்டு ஒரு டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். அது வோல்டேஜைத் தேவையான அளவுக்கு உயர்த்தும், கரண்டை 30 அல்லது 40 ஆம்பியருக்குள் கட்டிவைக்கும். புதிய வண்டிகளில் கணினியே ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இறக்கி இறக்கி விளையாடும், அங்கேயும் இது இல்லாமல் முடியாது. குளிர் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரியை வெளி அறையில் வைத்திருந்தால் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் வேறெதுவோ மினுக்குகிறது

எர்த் போய்விட்டது. பெட்டி வகை ஆம்புலன்ஸில் அலுமினியப் பெட்டி, சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் புஷ் வைத்து உட்கார்ந்திருக்கும். நோயாளிக்கு அதிர்வு தெரியாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டியையும் சேசிஸையும் இணைப்பது பின்னல் செம்புப் பட்டைகள் சிலவே. வருடக்கணக்கில் சேறும் உப்பும் பட்டு, அலுமினியமும் இரும்பும் செம்பும் சேருமிடத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, பெட்டியின் சுரண்டிய உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் பட்டைகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே அரிப்புத் தடுப்புப் பசை பூசுங்கள். ஒரு மாலை நேரத்து வேலை. ஆனால் இதைச் செய்யாமல் விளக்கு, ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு பேட்டரிக்கு எர்த் எடுக்கும்போது பெட்டிச் சுவரை நம்பாதீர்கள். நெகட்டிவுக்கும் பாசிட்டிவ் கேபிளின் அதே தடிமனில் தனிக் கேபிள் போடுங்கள்.

ஃப்ரிட்ஜோ மிக்ஸியோ ஓடத் தொடங்கும்போது இன்வெர்ட்டர் கத்தி அணைகிறது

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 83 ஆம்பியர், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 95 பக்கம் போகும். மெல்லிய கேபிளில் அது பாதி வழியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். சுமை ஓடும்போது பேட்டரி டெர்மினலிலும் இன்வெர்ட்டர் டெர்மினலிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.4 வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் மெலிது, இல்லை நீளம், இல்லை கேபிள் முனையில் மாட்டும் லக் சரியாக நசுக்கப்படவில்லை. கையால் தொட்டால் சூடாக இருக்கும் லக்தான் குற்றவாளி. இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில்தான் இருக்க வேண்டும், இன்வெர்ட்டர் பக்கத்தில் அல்ல. நடுவில் கேபிள் உரசிப் பொறி பறந்தால் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

காலையில் சுவரெல்லாம் ஈரம், மெத்தைக்கு அடியில் பூஞ்சை

முதலில் இது பனித்துளியா மழை ஒழுக்கா என்று பிரிக்க வேண்டும். ஈரமாகும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் காலை தாளின் உங்கள் பக்கம் ஈரமாக இருந்தால் அது உங்கள் மூச்சு. தாளுக்குப் பின்னால் ஈரமாக இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வரலாம், கூரையைச் சோதியுங்கள்.

மூச்சுதான் என்று தெரிந்தால் துளிகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். சம இடைவெளியில் கோடு கோடாக நின்றால், சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சட்டங்களின் எலும்புக்கூடு உங்களுக்குத் தெரிகிறது. சட்டங்களுக்கு நடுவே ஃபோம் இருக்கிறது, சட்டத்தின் மேல் ஒன்றும் இல்லை. குளிர் அந்த உலோகத்தின் வழியாக நேராக உள்ளே வருகிறது. சட்டத்தின் மேலேயே காற்றுப் புகாத மூடிய செல் ஃபோமை ஒரு அடுக்கு ஒட்டி, அதன் மேல் பலகை அடித்தால் கோடுகள் போகும்.

சுவர் முழுக்கப் பரவலாக வியர்த்தால் உள்ளே நீராவி மிக அதிகம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு இரவில் ஒரு குவளைத் தண்ணீரையாவது காற்றில் விடுகிறார். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதோடு சமையல் வாயுவும் சேரும். ஒரு கிலோ எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி உருவாகிறது. வேதியியல் அப்படி, அடுப்பின் குறை அல்ல. இத்தனை ஈரமும் வெளியே போக மேலே ஒரு வழியும், புதுக் காற்று வரக் கீழே ஒரு வழியும் வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்கெனவே ஒரு வெளியேற்று விசிறி இருக்கும், அதைப் பிடுங்கி எறியாதீர்கள். இரவு முழுக்க அதை மெதுவாக ஓடவிட்டு முன்கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கிவையுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால் ஈரம்தான் மிஞ்சும்.

மெத்தைக்கு அடியில் முழுப் பலகை வேண்டாம். இடைவெளி விட்ட மரச் சட்டங்கள் போடுங்கள்.

மழையில் மட்டும் ஒழுகுகிறது

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. கூரைச் சட்டத்தின் வழியே தண்ணீர் இரண்டு மீட்டர் பயணம் செய்துவிட்டுக்கூடச் சொட்டும். சுழல் விளக்கு, ஆன்டெனா, விளிம்பில் இருக்கும் சிறு அடையாள விளக்குகள் ஆகியவற்றின் ஓட்டைகளை முதலில் சந்தேகியுங்கள்.

நல்ல சோதனை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் மூடி, ஒரு ஜன்னலில் விசிறியை வைத்துக் காற்றை உள்ளே தள்ளுங்கள். வெளியே கூரையில் சோப்பு நுரைத் தண்ணீர் தெளியுங்கள். எங்கே குமிழ் விடுகிறதோ அங்கே ஓட்டை. அடைக்க பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள், பெரிய ஓட்டைக்கு மேலே அலுமினியத் தகடு ஒட்டி ரிவெட் அடியுங்கள். சிலிக்கோன் எனக்குப் பிடிக்காது. ஒருமுறை பூசிவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது.

எத்தனை முறை கழுவினாலும் வாடை போகவில்லை

தரை விரிப்பின் ஓரங்களிலும், பக்க பெஞ்சுக்கு உள்ளேயும், ஸ்ட்ரெச்சர் பூட்டு இருந்த துளைகளிலும் பாருங்கள். விரிப்புக்குக் கீழே பிளைவுட் ஊறியிருந்தால் எந்த மருந்தும் பலிக்காது, அந்தத் துண்டை வெட்டி மாற்றத்தான் வேண்டும். சீட் பெல்ட் பட்டைகளும் வாடையைப் பிடித்துவைக்கும். அதோடு, பிளீச்சிங்கை அமிலக் கழுவியோடும் அம்மோனியா கலந்த கழுவியோடும் சேர்க்காதீர்கள். அடைத்த பெட்டிக்குள் விஷவாயு உண்டாகும்.

இந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லவே வேண்டாம். அலமாரிக்குப் பின்னாலும் பெஞ்ச் இடுக்கிலும் பயன்படுத்திய ஊசிகள் விழுந்து கிடக்கும். தடித்த கையுறை போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்து, கெட்டியான டப்பாவில் போட்டு மூடி மருத்துவக் கழிவாகக் கொடுங்கள். கண் பார்க்காத இடுக்கில் கையை விடாதீர்கள். ஆக்சிஜன் குழாய்களை மொத்தமாகக் கழற்றிவிடுங்கள். அதில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பிடிக்கலாம், சமையல் வாயுவுக்கும் அந்தக் குழாய் ஆகாது.

வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது

தூக்கிப் போட்டால் அச்சுக்கு மேல் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் கனமான சுமைக்குப் போடப்பட்டவை, நீங்கள் கருவிகளை இறக்கிவிட்டீர்கள் என்று பொருள். உள்வேலை முடியும்வரை பட்டையைத் தொடாதீர்கள். கட்டில், தண்ணீர், பேட்டரி எல்லாம் ஏறியதும் சரியாகிவிடலாம். சாய்ந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அது ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் பேட்டரியை வையுங்கள். அப்புறம் குடும்பத்தோடு எடை மேடைக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போட்டு, கதவோரத் தகட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள்.

டயர் பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரியும், ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

மேட்டில் ஏறினால் சூட்டு முள் உயர்கிறது

ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து வாங்கியிருப்பீர்கள். ஆம்புலன்ஸின் இன்ஜின் நின்ற இடத்திலேயே ஓடியதுதான் அதிகம். மணிக் கணக்கு மீட்டர் இருந்தால், நின்று ஓடிய ஒவ்வொரு மணிக்கும் 40 முதல் 50 கிலோமீட்டர் சேர்த்துப் பாருங்கள், இன்ஜினின் உண்மையான வயது தெரியும். ரேடியேட்டர், விசிறி கிளட்ச், தெர்மோஸ்டாட் என்று வழக்கமான வரிசையில் சோதியுங்கள். அவை சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால், பின்பகுதி ஹீட்டருக்காக வண்டிக்கு அடியில் ஓடும் நீளமான ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். பின் ஹீட்டரை நீக்கினால் ஹோஸைப் பாதியில் அடைத்து விடாமல், இன்ஜின் பக்கத்திலேயே திருப்பி இணைத்துவிடுங்கள்.

பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு வாந்தி

பக்கவாட்டில் பார்த்த பெஞ்ச், வெளியே தெரியாத பால் கண்ணாடி. காது அசைவை உணர்கிறது, கண்ணுக்கு அசைவு தெரியவில்லை, அதனால் குமட்டுகிறது. பிள்ளை முன்னோக்கி உட்கார்ந்து சாலையைப் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பக்கவாட்டு பெஞ்சில் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது, மோதலில் அது காப்பாற்றாது. சோதிக்கப்பட்ட இருக்கையை, முன்னோக்கி, தரைக்குக் கீழே சேசிஸ்வரை பிடிப்புள்ள பெல்ட்டோடு, தகுதியுள்ளவரை வைத்துப் பொருத்துங்கள். பலகையில் திருகிய இருக்கை வேண்டவே வேண்டாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தூக்கக் கலக்கம்

படிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அடுப்பை வெப்பத்துக்காக எரித்திருக்கலாம், பின்கதவு ரப்பர் வழியாக இன்ஜின் புகை வந்திருக்கலாம். மோனாக்சைடு அலாரம் படுக்கைக்கு அருகில் இருக்கட்டும். சமையல் வாயு அலாரம் தரையோரம் இருக்கட்டும், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பின்கதவு உள்ளிருந்தும் திறக்கிறதா என்று பிள்ளைகளைவிட்டே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வழியில் ஆட்கள் கை காட்டி நிறுத்துகிறார்கள்

ஒருமுறை சாலையோரத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருடைய அம்மா மயங்கி விழுந்திருந்தார். எங்கள் வண்டியில் கட்டிலும் அடுப்பும்தான் இருந்தன. உண்மையான ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொடுத்து, அது வரும்வரை கூடவே இருந்தோம். ஆனால் எங்களை நோக்கி ஓடி வந்ததில் அவருக்கு வீணான அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. எழுத்தை எடுத்துவிட்டிருந்தோம், அதன் தடம் வெயிலில் தெரிந்துகொண்டிருந்தது.

சைரனையும் சுழல் விளக்குகளையும் சுவிட்சோடு கழற்றுங்கள், பதிவையும் காப்பீட்டையும் உங்கள் இடத்து விதிப்படி தனியார் வண்டியாக மாற்றுங்கள். சிவப்புச் சிலுவை ஜெனீவா உடன்படிக்கைகளின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம், அது எந்த வடிவிலும் மிஞ்சக் கூடாது. ஒளிரும் பட்டைகளை ஹீட் கன் வைத்து மெதுவாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் தூக்கி, மிச்சப் பசையைக் கரைப்பானால் துடையுங்கள். பட்டைக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாகவே இருக்கும், சுற்றிலும் வெளிறியிருக்கும். அதனால்தான் எழுத்துத் தடம் தெரிகிறது. பாலிஷ் போட்டும் மறையவில்லை என்றால் அந்தப் பக்கம் முழுவதற்கும் வேறு நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். நாங்கள் கரும்பச்சை அடித்தோம். அதன் பிறகு யாரும் ஓடி வரவில்லை.